மூன்று குப்பிகளில் ஒன்று

கோபன்ஹேகன்,
2 மார்ச் 2011

எயினார் அவர்களுக்கு,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் முதல் நாலு வரியாவது கண்ணில் படும்.

உங்கள் பக்கத்து வீட்டு ஹொல்கர் சொன்னார். பெருங்குடலில் கட்டி, வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் குடலில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருக்கிறது. கத்தி வைத்தால் அது ரத்தத்தில் கலந்துவிடும் என்று டாக்டர் தயங்குகிறார். உங்கள் மனைவிக்கு, என் அக்கா கேர்டாவுக்கு, போன வருஷம் நடந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சிறுநீரகத்திலிருந்து ரத்தத்துக்கு வந்த பிறகு நான்கே நாள்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஜனவரியிலிருந்து ஒரு பழைய மருந்தைச் சோதிக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்தது. புது மருந்துகள் வந்ததும் விற்பதை நிறுத்திவிட்டார்கள். புதியவை தோற்கிற கிருமிகளிடம் இது என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். உங்கள் கிருமி இதற்கு அடங்கினால் தனி அனுமதி வாங்கி உங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்தை வரவழைக்கலாம்.

பெட்டியில் மூன்று குப்பிகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் மலத்துக்கு. மற்ற இரண்டும் உங்கள் பன்றிகளுடையதற்கு. ஏன் பன்றி என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். எந்தக் கிருமி வந்தாலும் முதலில் அது எந்தக் குடும்பம் என்று பார்ப்போம், பிறகுதான் மருந்து வைப்போம். அக்காவின் கிருமி எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியலாம்.

அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஊர் மண்டபத்தில் நான் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அதையும் இதையும் கலக்காதீர்கள்.

தோரா


வெஸ்டர்பி, லோலன்,
11 மார்ச்

தோராவுக்கு,

உன் பெட்டி புதன்கிழமை வந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. தபால்காரப் பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தாள். உள்ளே கூப்பிட்டு ஒரு காப்பி கொடுக்கலாம் என்று வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் நினைவு வந்துவிட்டது. தனித் துண்டு, தனிக் கழிப்பறை, அடுத்தவருக்குச் சாப்பாட்டைத் தொட்டுக் கொடுக்கக் கூடாது. வாசலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவள் அப்பனை எனக்குத் தெரியும். ஒரு தடவை சீனிக்கிழங்கு லாரியை வாய்க்காலில் இறக்கிவிட்டு, சாய்ந்த லாரிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். இழுக்க நான் டிராக்டரோடு போய் நிற்கிறேன். “அவசரமில்ல எயினாரு, பாதி ரொட்டிக்குத்தான் வெண்ணெய் தடவியிருக்கேன்” என்கிறான். அது கிடக்கட்டும்.

ஹொல்கரைப் பிடித்துக் கேட்டேன்.

“ஏன்டா அவகிட்டப் போய்ச் சொன்ன?”

“நீ செத்துட்டா உன் நிலத்துக்கு எந்தக் கிறுக்கன் வருவானோ. உன்னையாவது பழகிட்டேன்.”

டாக்டர் சின்னப் பெண். நல்லவள். “கட்டி ரொம்ப நாள் காத்திருக்காது. ஆனா கிருமிக்கு மருந்தில்லாம நான் வெட்டினா, கட்டிக்கு முன்னாடி நானே உங்களக் கொன்னுடுவேன்” என்றாள். “ரெண்டுல எதும்மா சீக்கிரம்?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கேர்டா இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மருந்தை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று யாராவது அதைக் கேட்டீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குப்பியை அனுப்ப மாட்டேன்.

அன்றைக்கு மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். நீ எழுந்து நின்று சொன்னாய், “உங்க பன்னிங்கதான் எங்க அக்காவக் கொன்னுச்சு. அதுங்களுக்குக் கொட்டிக் கொட்டிக் கொடுத்தீங்களே மருந்து, அதுதான்.” பாதிரியார் கையில் கேக் தட்டு. அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்திருப்பாய். எனக்கே தெரியாது, அதனால்தான். முப்பது வருஷம் குட்டிகளுக்குப் பேதி கண்டால் தீவனத்தில் மருந்து கலந்தேன். கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஊரில் எல்லாரும் செய்தது. வாளியில் கையை விட்டுத்தான் கலக்குவேன். அந்தக் கையோடு உள்ளே வந்து கேர்டா தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போடுவேன்.

இன்றைக்கு வரைக்கும் தெரியாமல் இருக்கிறது. தெரியாத வரைக்கும் ஒரு ஓரத்தில் முடங்கிப் படுக்க எனக்கு இடம் இருக்கிறது. உன் குப்பி அந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

எயினார்


கோபன்ஹேகன்,
16 மார்ச்

எயினார் அவர்களுக்கு,

சாகக் கிடக்கிற ஆள் அரைப் பக்கத்துக்குக் கிழங்கு லாரியைப் பற்றி எழுதுகிறீர்கள்.

குடும்பத்தைப் பார்க்காமல் மருந்தை மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் பொய். பார்ப்பேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது.

இதை மட்டும் படியுங்கள். போன வெள்ளிக்கிழமை அக்காவின் கிருமியை உறைபெட்டியிலிருந்து எடுத்தேன். கிருமி வளர்க்கிற கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தேன். அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று மருந்துகள், நான்காவதாக இந்தப் பழையது. சனிக்கிழமை காலையில் வந்து மூடியைத் திறந்தேன். மூன்று வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி பாசிபோல் படர்ந்திருந்தது. நான்காவதைச் சுற்றி வட்டமாகக் காலி இடம். ஒரு ஐந்து குரோனர் காசை அப்படியே வைக்கலாம். அந்த எல்லைக்குள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

பக்கத்து மேஜை லிஸ்பெத் எட்டிப் பார்த்தாள். “ஏன் தோரா, நல்ல வட்டந்தானே வந்திருக்கு? எதுக்கு அழற?”

அக்கா படுத்திருந்தபோது இந்த மருந்து நாட்டில் எங்கேயும் இல்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, எனக்கும் சேர்த்து. நான் இதே வேலையில்தான் இருந்தேன். தினமும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நின்றேன்.

அவளுக்குக் காலம் கடந்துவிட்டது. உங்களுக்குக் கடக்கவில்லை. அனுப்புங்கள்.

தோரா


வெஸ்டர்பி,
4 ஏப்ரல்

தோராவுக்கு,

அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உன்னிடம் வந்திருக்கும், கடைக்காரி பிர்தா விட்டிருந்தால். நம் ஊரில் இப்போது தபால் அலுவலகம் கிடையாது, தெரியுமில்லையா? கூட்டுறவுக் கடையில் காசு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு தராசு, அதுதான் தபால்.

“கோபன்ஹேகனுக்குப் பார்சலா எயினாரு? என்ன, கேக்கா?”

“கேக் இல்ல. ஆனா நானே செஞ்சது.”

“அடேங்கப்பா, கேர்டா பாக்கலயே இத! உடையற சாமானா?”

“உடையாது. சூடு மட்டும் படக் கூடாது.”

அவ்வளவுதான், எடுத்துக்கொண்டுபோய்த் தயிருக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள். எனக்கு இந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடத் தெரியும் என்று எனக்கே தெரியாது. “வேணாம் பிர்தா, வேணாம்! கவுண்டர்லயே இருக்கட்டும்!” கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான்.

ஒரு குப்பிதான் நிரப்பினேன். மற்ற இரண்டும் காலியாக வந்திருக்கும். என்னிடம் பன்றி இல்லை, தோரா. போன மே மாதத்திலிருந்து இல்லை. நீ மண்டபத்தில் சொன்னதிலிருந்து ஏழு வாரம் நான் தினமும் கொட்டகைக்குப் போய்த் தீவனம் போட்டேன். ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பேன். நீயா, நீயா என்று. பன்றிக்கு என்ன தெரியும்? அது என் காலணியை முகர்ந்து பார்க்கும். எட்டாவது வாரம் லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

டிரைவர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டான், “நானூத்திப் பதினெட்டும் ஏத்தணுமா? தாய்ப்பன்னிங்களையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஏன், உடம்பு சரியில்லயா?”

“அதுங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“உங்களக் கேட்டேன்.”

பிறகு கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். சோதிக்க ஒரு துளி அழுக்குகூடக் கிடைக்காது. காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினேன், இரண்டாம் நாள் மறுபடி போட்டுவிட்டேன். சத்தமில்லாமல் எனக்குப் படுக்க முடியவில்லை. “கரண்ட் பில்லு யாருடா கட்டறது, பன்னியா?” என்று ஹொல்கர் கேட்கிறான்.

ஏன் மனம் மாறினேன் என்று கேட்பாய். ஐந்து குரோனர் காசு ஒன்றை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தேன். இவ்வளவு இடம், இதற்குள் அவள் பிழைத்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு என் முடங்கிப் படுக்கிற ஓரம் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்ன தெரிந்தாலும் சொல்லு. பாதியைச் சொல்லிப் பாதியை வைத்துக்கொள்ளாதே.

எயினார்


கோபன்ஹேகன்,
14 ஏப்ரல்

எயினார் அவர்களுக்கு,

உங்கள் கிருமி பழைய மருந்துக்கு நன்றாக அடங்குகிறது. உங்கள் டாக்டருக்கு எழுதிவிட்டேன். அனுமதியும் வந்துவிட்டது. மே 12 அன்று அறுவை சிகிச்சை வைக்கலாம் என்று சொல்கிறார்கள்.

குடும்பத்தையும் பார்த்தேன். உங்களுடையதும் அக்காவுடையதும் ஒன்றே.

ஒரு தட்டை மறுபடி செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

பன்றிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

தோரா


வெஸ்டர்பி,
19 ஏப்ரல்

தோராவுக்கு,

ஒன்றே. சரி.

டாக்டருக்குப் போன் செய்து மே 12 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “ஏன், மருந்துதான் கிடைச்சிடுச்சே?” என்றாள். வேலை இருக்கிறது என்றேன். “என்ன வேலை?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அந்த மருந்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். உன்மேல் கோபம் இல்லை. நீ அன்றைக்கே சொன்னாய், இப்போது எழுத்தில் வந்திருக்கிறது.

எயினார்


கோபன்ஹேகன்,
21 ஏப்ரல்

அத்தான்,

எட்டுத் தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. இதை ஹொல்கர் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவரை வாசலை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பாதி சொல்லாதே என்றீர்கள். நான் பாதிதான் சொன்னேன். நான் பயந்த அந்த வாரத்தில் நீங்கள் சாகத் தயாராகிவிட்டீர்கள். மீதியைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் சுத்தமான தட்டு என்று ஒன்று வைப்போம். வழக்கமான மருந்து கலந்த கூழில், இந்தக் கிருமி இல்லாத ஒரு ஆளின் மலத்தைப் பரப்புவோம். மறுநாள் அதில் ஒன்றும் முளைத்திருக்கக் கூடாது. முளைத்தால் எங்கள் வேலையில் எங்கோ தப்பு என்று அர்த்தம். பல வருஷமாக லிஸ்பெத்தான் கொடுப்பாள். “என் குடல் நம்ம ஊரு சர்ச் மாதிரி, ஞாயித்துக்கிழமைகூட யாரும் இருக்க மாட்டாங்க” என்பாள். உங்கள் குப்பி வந்த வாரம் அவள் விடுமுறையில் இருந்தாள். அதனால் என்ன, நான் இருக்கிறேனே என்று என்னுடையதை வைத்தேன். யோசிக்கக்கூட இல்லை, அத்தான். நான்தான் சுத்தம் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

காலையில் அந்தத் தட்டு முழுக்க முளைத்திருந்தது.

தட்டை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். அதே மாதிரி. அந்த நிலையில்தான் உங்களுக்கு அந்த நாலு வரிக் கடிதத்தை எழுதினேன். மூன்றாவது தடவை லிஸ்பெத் திரும்பி வந்து, என்னைத் தொடவிடாமல் அவளே செய்தாள். அக்காவுடையது, உங்களுடையது, என்னுடையது. மூன்றும் ஒன்று.

2009 டிசம்பரில் நான் தெற்கே வெயில் காயப் போனேனே, படகில் பத்து நாள். கடைசி மூன்று நாள் வயிறு போயிற்று. அங்கேயே கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கினேன். இருபத்திரண்டாம் தேதி விமானத்தை விட்டு இறங்கி நேராக உங்கள் வீடு. மறுநாள் நானும் அக்காவும் சமையலறையில் உட்கார்ந்து பாதாமையும் சர்க்கரையையும் பிசைந்து கிறிஸ்துமஸ் உருண்டை உருட்டினோம். அடுப்பே காணாத பண்டம். என் வயிறு அப்போதும் சரியாகவில்லை. நான் உருட்ட உருட்ட அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்கு விருந்துக்கு மிச்சம் வையேன்க்கா.”

“அறுபத்திரண்டு வயசாச்சுடி. இன்னும் எதுக்கு நாளைக்குன்னு வைக்கணும்?”

ஒன்பது வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இந்தக் குடும்பத்துக் கிருமியை நாங்கள் பன்றிகளிடம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பயணம் போய் வந்தவர்களிடம்தான் பார்த்திருக்கிறோம். என் வேலைக்கு நான் ‘பெரும்பாலும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத வேண்டும். உங்களுக்கு எழுதும்போது அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

நானூற்றுப் பதினெட்டுப் பன்றிகள். எழுபது பேர் முன்னால், உங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்து மே 12ஐத் திரும்ப வாங்குங்கள். அது மட்டும் போதும்.

தோரா


வெஸ்டர்பி,
29 மே

தோராவுக்கு,

தேதி திரும்பக் கிடைத்தது. முப்பத்தொரு சென்டிமீட்டர் குடலை எடுத்துவிட்டார்கள். கட்டி அதோடு போயிற்று, வேறெங்கும் பரவவில்லையாம். உன் பென்ஷன்காரரைக் கையில் ஊசி குத்தி ஏற்றினார்கள். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருந்தார். காய்ச்சல் ஒரு நாள்கூட வரவில்லை.

உன் கடிதத்தை ஹொல்கர் கொண்டுவந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் உள்ளே படிக்கிறேன், அவன் வாசலில் நிற்கிறான். மழை வேறு.

“படிச்சிட்டியா?”

“படிச்சிட்டேன்.”

“நல்லதா கெட்டதா?”

“தெரியலடா.”

“தெரிஞ்சதும் கதவத் திற. தொப்பிக்குள்ள தண்ணி போவுது.”

அவன் போன பிறகு கொட்டகைக்குப் போனேன். நடுவில் நின்று, “நீங்க இல்ல” என்று சத்தமாகச் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் அதையே திருப்பிச் சொன்னது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். பிறகு கோபம் வந்தது. அதுவும் நல்ல கோபம், பன்றிகள் ஒவ்வொன்றுக்காகவும் தனித்தனியாக வந்தது. ஐந்து வாரமாக உனக்கு எழுதவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றேதான். நான் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில் நீயும் கொஞ்சம் உட்கார்ந்து பார் என்று. அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் உன்னை அங்கே விட்டேன். அதற்கு நீ என்னை எழுபது பேர் முன்னால் திட்டினாலும் நான் கேட்டுக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தனி அறை. கையுறை போட்டுக்கொண்டு தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். கஞ்சியும் மீனும் ரொட்டியும். பதினோரு நாள் என் எதிரே உட்கார்ந்து ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. எல்லாரும் அன்பானவர்கள்தான். கண்ணால் மட்டும் சிரிப்பார்கள், கீழே முகமூடி. அங்கே படுத்துக்கொண்டுதான் நினைத்தேன், நீயும் இப்போது தனித் துண்டு வைத்துக்கொண்டிருப்பாய். லிஸ்பெத் உன் கையால் கேக் வாங்கித் தின்பாளா என்று தெரியவில்லை.

கிளம்புகிற அன்று நர்ஸைக் கேட்டேன்.

“இதே கிருமி இருக்கற இன்னொருத்தரும் நானும் ஒரே மேஜையில சாப்பிடலாமா?”

“இதேன்னா? அச்சு அசலா இதேவா?”

“அச்சு அசலா.”

“அப்படி ஒரு ஆளு உங்களுக்கு எங்க கிடைப்பாங்க?”

“கோபன்ஹேகன்ல என் மச்சினிச்சி ஒருத்தி இருக்கா.”

“அப்புறமென்ன, ஒரே தட்டுலகூட சாப்பிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை ரயில் பதினொன்றரைக்கு வருகிறது. ஹொல்கர் ஸ்டேஷனுக்கு வருவான். வழியெல்லாம் பேசுவான், ‘அப்படியா’ என்று சொல்லிக்கொண்டே வா, போதும். ஆறு வாரத்துக்கு நான் எதையும் தூக்கக் கூடாது, அதனால் சட்டியை நீதான் இறக்க வேண்டும். கேர்டா போனதிலிருந்து நான் மேஜையில் சாப்பிடுவதில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்திலேயே நின்றபடி தின்று முடித்துவிடுகிறேன். நீ வந்தால் உட்காருவேன்.

அத்தான்
எயினார்